செய்ததும் கேட்டதும்

2008 ஜூன் 12ஆம் தேதி புனே செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எம்.பி.ஏ. படிக்கப் புனேவுக்கு வந்த இளைஞர் ஒருவர் ஆர்செனிக் நஞ்சால் இறந்துபோயிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர், அந்த இளைஞருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண். மற்றவர், நிச்சயத்தை முறித்துக்கொண்டு அந்தப் பெண் கைப்பிடித்த இன்னொரு மாணவர். பழைய உறவைச் சொல்லி இளைஞரைச் சந்திக்க வரவழைத்து, நஞ்சு கலந்த பிரசாதத்தை அந்தப் பெண் கொடுத்துவிட்டார் என்பது போலீஸ் தரப்பு. இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. இதுவரை கேட்டால் வழக்கமான பத்திரிகைச் செய்திதான். ஆனால் அந்த ஆண்டு செப்டம்பரில் இதே வழக்கு நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்தது. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்களும் நரம்பியல் ஆய்வாளர்களும் புனே நீதிபதியின் தீர்ப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். காரணம், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்த ஒரு சோதனையை நீதிபதி ஏற்றுக்கொண்டு, அந்தக் கொலையைப் பற்றிய 'அனுபவ அறிவு' அந்தப் பெண்ணின் மூளையில் இருப்பதாக அது காட்டுகிறது என்று எழுதியிருந்தார். உலகிலேயே இத்தகைய மூளைச் சோதனையை வெளிப்படையாக ஆதாரமாகச் சொல்லி ஒருவரைக் கொலைக் குற்றவாளி என்று தீர்மானித்த முதல் வழக்கு இதுவாகத்தான் இருக்கும் என்று அப்போது பலரும் கருதினார்கள்.

சோதனை நடந்த விதம் எளிமையானது. அந்தப் பெண் சம்மதித்ததன் பேரில் மும்பைக்கு அழைத்துச் சென்றார்கள். தலையில் 32 மின்முனைகளைப் பொருத்தி உட்காரவைத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் எதுவும் பேச வேண்டியதும் இல்லை. ஒலிபெருக்கியில் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. எல்லாம் தன்மையில், 'நான்' என்று தொடங்கும் வாக்கியங்கள்: நான் ஆர்செனிக் வாங்கினேன், நான் அவரை உணவகத்தில் சந்தித்தேன் என்பது போல. நடுநடுவே வானம் நீலமாக இருக்கிறது என்பது மாதிரியான சாதாரண வாக்கியங்களும் வந்தன. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மின்முனைகள் அலைகளைக் கணினிக்கு அனுப்பின. எந்தெந்த வாக்கியத்துக்கு மூளை 'நான் இதை அனுபவித்திருக்கிறேன்' என்ற வகையில் எதிர்வினை காட்டியது என்று மென்பொருள் பிரித்துச் சொன்னது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இந்தச் சோதனையை 'பியோஸ்' என்பார்கள். உருவாக்கியவர் சம்பாடி ராமன் முகுந்தன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் மருத்துவ உளவியல் துறையில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர். மகாராஷ்டிரமும் குஜராத்தும் தங்கள் தடயவியல் கூடங்களில் இதைக் கொண்டுவந்திருந்தன.

இந்தச் சோதனையைக் குறை சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் எந்திரத்தைத்தான் குறை சொல்வார்கள்: மின்முனை போதாது, மென்பொருள் ரகசியமானது, யாரும் திரும்பச் செய்து பார்க்கவில்லை என்று. அதெல்லாம் உண்மைதான். ஆனால் எந்திரம் நாளைக்கே திருந்தலாம். 32 மின்முனை 320 ஆகலாம். கோளாறு அதற்கு முந்தைய இடத்தில் இருக்கிறது. நாம் செய்த காரியம் மூளைக்குள் ஒரு முத்திரையோடு பதிவாகிக் கிடக்கிறது, கேட்டதும் படித்ததும் கற்பனை செய்ததும் வேறு முத்திரையோடு கிடக்கின்றன, கருவி சரியாக இருந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம் என்ற கருத்தின் மேல்தான் பியோஸ் நிற்கிறது. நினைவைப் பற்றி உளவியல் கடந்த 50 ஆண்டுகளில் கண்டறிந்ததில் பெரும்பகுதி இந்தக் கருத்துக்கு எதிராக இருக்கிறது.

முதலில் மின்னலையைப் பார்த்துவிடலாம். மனிதத் தலைக்கு வெளியிலிருந்தே மூளையின் மின்துடிப்பைப் பதிவுசெய்ய முடியும் என்பதை ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் கண்டு, 1929இல் வெளியிட்டார். இன்று வலிப்பு நோய் பார்க்கும் எந்த மருத்துவமனையிலும் இருக்கும் இ.இ.ஜி. அதுதான். மண்டையோட்டையும் தோலையும் தாண்டி வந்து சேரும் மின்னழுத்தம் மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். கோடிக்கணக்கான நரம்பணுக்களின் கூட்டு இரைச்சல் அது. அதில் தனியொரு எண்ணம் தென்படாது. ஆனால் ஒரே மாதிரியான தூண்டலைப் பலமுறை கொடுத்து, ஒவ்வொரு முறையும் வந்த அலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால், தற்செயலான இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும்; அந்தத் தூண்டலுக்கு உரிய எதிர்வினை மட்டும் மேலே தெரியும். இப்படி 1965இல் சாமுவேல் சட்டனும் உடன் ஆய்வாளர்களும் கண்ட அலைதான் பி300. ஒரு தூண்டல் வந்து ஏறக்குறைய 300 மில்லி நொடி கழிந்ததும் எழும் நேர்மின் மேடு என்பதால் அந்தப் பெயர். தொடர்ந்து ஒரே மாதிரி ஒலித்துக்கொண்டிருக்கும்போது இடையே வேறொரு ஒலி வந்தால் பி300 எழும். பல பெயர்களுக்கு நடுவே நம் பெயர் வந்தாலும் எழும். எதிர்பாராதது அல்லது எனக்குப் பொருட்டானது ஒன்று வந்துவிட்டது என்று மூளை குறித்துக்கொள்கிறது. அந்த அலை சொல்வது அவ்வளவுதான். ஏன் பொருட்டானது என்று அது சொல்வதில்லை.

இதைக் குற்ற விசாரணைக்குப் பயன்படுத்தும் எண்ணம் இந்தியாவில் பிறந்ததல்ல. அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன் 1959இலேயே ஒரு முறையை முன்வைத்திருந்தார். பொய் சொல்கிறாயா என்று பார்க்காமல், குற்றவாளிக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒன்று உனக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது அது. திருடுபோனது மோதிரம் என்று வெளியே யாருக்கும் சொல்லாமல், சங்கிலி, வளையல், மோதிரம், கடிகாரம், தோடு என்று வரிசையாகச் சொல்லி, மோதிரத்துக்கு மட்டும் உடல் சிலிர்க்கிறதா என்று பார்ப்பார்கள். குற்றமற்றவனுக்கு ஐந்தும் ஒன்றுதான். ஜப்பான் போலீஸார் இந்த முறையைப் பல ஆண்டுகளாக வழக்கமாகவே கையாள்கிறார்கள். நேர்மையான முறை என்றே சொல்வேன். காரணம், அதன் ஆசை சிறியது. தெரியுமா, தெரியாதா என்பதற்கு மேல் அது எதையும் கேட்பதில்லை. ஆனால் அதற்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு: விவரம் வெளியே கசிந்திருக்கக் கூடாது. பேப்பரில் வந்துவிட்டாலோ, விசாரணை அதிகாரியே கேள்வியில் உளறிவிட்டாலோ சோதனை செத்தது. தவிர, இதே பி300ஐ அடிப்படையாகக் கொண்ட சோதனைகளை, சம்பந்தமில்லாத தூண்டல் வரும்போதெல்லாம் கால்விரலை ஆட்டுவது மாதிரியான சின்ன உபாயங்களாலேயே ஏமாற்றிவிடலாம் என்று நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ரோசன்ஃபெல்ட் 2004இல் காட்டினார்.

முகுந்தன் இந்த இடத்திலிருந்து ஒரு பெரிய தாவு தாவினார். கொலையைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். போலீஸ்காரருக்கும் தெரியும், நிருபருக்கும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, செய்திருப்பது வேறு. செய்தவர் நினைக்கும்போது அந்த அனுபவத்தை மனத்துக்குள் மறுபடி வாழ்கிறார். அந்த மறுவாழ்வுக்கென்று தனியான மின்னலைக் குறி உண்டு என்றார். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இதன் பின்னால் மதிப்பான உளவியல் இருக்கிறது. கனடாவின் எண்டெல் டல்விங் 1972இல் நினைவை இரண்டாகப் பிரித்தார்: புனே மகாராஷ்டிரத்தில் இருக்கிறது என்பது போன்ற தகவல் நினைவு ஒன்று; போன தீபாவளிக்கு யார் வீட்டில் இருந்தேன் என்ற நிகழ்வு நினைவு மற்றொன்று. இரண்டாவதில் நாம் காலத்தில் பின்னோக்கிப் போய் அந்த இடத்தில் மறுபடி நிற்கிறோம். வலிப்புக்காக 1953இல் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பங்கை அகற்றிய பிறகு புதிய நிகழ்வு எதையும் நினைவில் இருத்த முடியாமல் போன அமெரிக்க நோயாளி ஹென்றி மொலைசனால், புதிய கைத்திறனை மட்டும் பயிற்சியால் கற்றுக்கொள்ள முடிந்தது. நினைவு ஒற்றைப் பொருள் அல்ல, அதற்கு வகைகள் உண்டு, வகைகளுக்கு மூளையில் தனித்தனிப் பாதைகளும் உண்டு என்பது ஐயமில்லாத செய்தி. அப்படியிருக்க, முகுந்தன் சொன்னதில் என்ன தவறு?

தவறு இதுதான்: நிகழ்வை மறுபடி வாழ்வது போன்ற அந்த உணர்வு, நடந்தவற்றுக்கு மட்டும் உரியதல்ல. டேனியல் ஷாக்டரும் டோனா ரோஸ் ஆடிஸும் 2007இல் வெளியிட்ட ஆய்வுகளில், கடந்தகால நிகழ்ச்சியை நினைப்பவர்களின் மூளையும் வருங்கால நிகழ்ச்சி ஒன்றைக் கற்பனை செய்பவர்களின் மூளையும் பெரும்பாலும் ஒரே பகுதிகளை இயக்குவது தெரிந்தது. அதே ஆண்டு லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ் குழுவினர் இன்னொரு பக்கத்திலிருந்து அதை உறுதிசெய்தார்கள்: ஹிப்போகேம்பஸ் பழுதாகிப் பழையதை நினைக்க முடியாதவர்கள், புதிதாக ஒரு காட்சியைக் கற்பனை செய்யவும் தடுமாறினார்கள். கடற்கரையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றால், துண்டு துண்டாக ஏதோ சொன்னார்களே தவிர, முழுக் காட்சி அவர்களுக்குக் கூடிவரவில்லை. ஆக, நினைப்பதும் கற்பனை செய்வதும் ஒரே பட்டறையில் நடக்கும் வேலைகள். இனி புனே வழக்குக்கு வருவோம். கைதான நாளிலிருந்து அந்தப் பெண்ணிடம் எத்தனை முறை ஆர்செனிக் பற்றிக் கேட்டிருப்பார்கள்? எங்கே வாங்கினாய், எப்போது சந்தித்தாய், எதில் கலந்தாய் என்று. குற்றம் செய்தவராக இருந்தாலும் செய்யாதவராக இருந்தாலும், இந்தக் கேள்விகளைக் கேட்ட எவரும் அந்தக் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அதுவும் உயிருக்கே ஆபத்தான நிலையில், இரவு பகலாக. அவர் நன்கு அறிந்த ஒரு மனிதரின் சாவு அது. அப்படி நூறு தடவை மனத்தில் ஓடிய காட்சியை, 'நான் வாங்கினேன்' என்று தன்மையில் ஒரு குரல் சொல்லும்போது மூளை பேசாமல் இருந்தால்தான் வியப்பு. லிக்கன் வகுத்த கண்டிப்பான நிபந்தனை இங்கே எப்போதோ உடைந்துவிட்டது.

அனுபவித்ததற்கும் கேள்விப்பட்டதற்கும் இடையிலான கோட்டை மூளை தானாகவே வரைந்து வைத்திருக்கிறது என்பதும் சரியல்ல. உளவியலில் இதற்கு மூலம் அறிதல் என்று ஒரு கோட்பாடு உண்டு. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் மார்சியா ஜான்சன். அவர் காட்டியது என்னவென்றால், ஒரு நினைவு மேலே வரும்போது அது எங்கிருந்து வந்தது என்ற சீட்டு அதில் ஒட்டியிருப்பதில்லை. எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, நிறமும் ஓசையும் இருக்கிறதா, மற்றவற்றோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இது நடந்ததுதான் என்றோ யாரோ சொன்னது என்றோ நாம் அந்த நேரத்தில் தீர்மானிக்கிறோம். அந்தத் தீர்மானம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் வாழ்க்கை ஓடுகிறது. ஆனால் அதை அசைத்துவிடுவது கடினமல்ல. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் கார் விபத்துப் படங்களைக் காட்டினார்கள். கார்கள் ஒன்றையொன்று 'நொறுக்கியபோது' என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 41 மைல் என்றார்கள். 'இடித்தபோது' என்று கேட்கப்பட்டவர்கள் 34 என்றார்கள். வேகத்தை ஊகிப்பதில் பிழை வருவது பெரிதல்ல என்று விட்டுவிடலாம். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, படத்தில் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் வகைக் கேள்வியைக் கேட்ட 50 பேரில் 16 பேரும் இரண்டாம் வகையைக் கேட்ட 50 பேரில் 7 பேரும் பார்த்தோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

இன்னும் நெருக்கமான சான்று 2015இல் கனடாவிலிருந்து வந்தது. ஜூலியா ஷாவும் ஸ்டீபன் போர்ட்டரும் கல்லூரி மாணவர்களிடம், நீங்கள் வளரிளம் பருவத்தில் போலீஸ் வரை போன ஒரு குற்றம் செய்திருக்கிறீர்கள், உங்கள் பெற்றோர் சொன்னார்கள் என்று கூறி, மூன்று அமர்வுகளில் அழுத்தமாகக் கேட்டு, கற்பனை செய்து பார்க்கவும் தூண்டினார்கள். அப்படி ஒன்றும் நடந்திருக்கவில்லை. ஏறத்தாழ 70 சதவீதத்தினர் குற்றத்தைச் செய்ததாக விவரங்களோடு பொய்நினைவு கொண்டுவிட்டார்கள் என்று அவர்கள் அறிவித்தார்கள். அந்தக் கணக்கு கொஞ்சம் தாராளம் என்று மற்ற ஆய்வாளர்கள் 2018இல் தரவுகளை மறுபடி எடைபோட்டு, உண்மையான பொய்நினைவு என்று சொல்லக்கூடியது 26 முதல் 30 சதவீதம் என்றார்கள். குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான்கில் ஒருவருக்குச் செய்யாத குற்றத்தைச் செய்த நினைவை மூன்று அமர்வுகளில் ஊட்ட முடியுமென்றால், போலீஸ் காவலில் என்னென்ன ஊட்ட முடியும் என்பதை நம் நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் அனுபவித்ததாகவே நம்பினார்கள். அனுபவ உணர்வை அளக்கும் கருவி இவர்கள் தலையில் பொருத்தப்பட்டால் எதைக் காட்டும்?

நினைவு திடமான பொருள் அல்ல என்பதற்கு எலிகளிடமும் ஆதாரம் இருக்கிறது. 2000இல் கரிம் நாடரும் ஜோசப் லெடூவும் ஒரு ஒலியைக் கேட்டதும் அஞ்சும்படி எலிகளைப் பழக்கினார்கள். பின்பு அந்த ஒலியை மறுபடி கேட்கவைத்து, உடனே புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தை மூளையின் அமிக்டலா பகுதியில் செலுத்தியபோது பழைய அச்சம் பெரும்பாலும் போய்விட்டது. ஒலியைக் கேட்கவைக்காமல் மருந்தை மட்டும் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. எடுத்துப் பார்க்கும்போது நினைவு இளகி, மறுபடி உறையக்கூடும்; அந்த இடைவேளையில் அதில் மாற்றம் புகுந்துவிட முடியும். எலியின் அச்சத்தையும் மனிதனின் கொலை நினைவையும் ஒன்றாக்கிவிடக் கூடாதுதான். ஆனால் பல மாத விசாரணைக்குப் பிறகு ஒருவரின் தலைக்குள் இருப்பது, சம்பவ நாளில் அங்கே பதிந்தது அப்படியே என்று சொல்ல இனி யாருக்கும் துணிவு வரக் கூடாது.

பியோஸ் அறிக்கையில் இன்னொரு தர்க்கப் பிழையும் ஒளிந்திருக்கிறது. அனுபவித்தவர்களுக்கு இந்த அலை வருகிறது. இவருக்கு அலை வந்திருக்கிறது. ஆகவே இவர் அனுபவித்தவர். நரம்பியலில் இதைத் தலைகீழ் அனுமானம் என்பார்கள். 2006இல் ரஸ்ஸல் போல்ட்ராக் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, மூளைப் படங்களைக் காட்டி அளப்பவர்களை மடக்க எல்லோரும் இதைக் கையிலெடுக்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. புகையைக் கண்டால் நெருப்பு உண்டு என்று துணியலாம்; நெருப்பைக் கண்டு புகை உண்டு என்று துணிய முடியாது, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை என்று அளவை நூலார் எப்போதோ சொல்லிவிட்டார்கள். மணிமேகலை இந்த அனுமான விதிகளுக்கும் போலிகளுக்கும் பெரும் இடம் ஒதுக்கியிருக்கிறது. அலையிலிருந்து அனுபவத்துக்குப் போக வேண்டுமென்றால், அனுபவம் இல்லாத இடத்தில் அந்த அலை எழுவதே இல்லை என்று முதலில் நிறுவ வேண்டும். 2008இல் பியோஸ் பற்றி அப்படி ஒரு நிறுவலும் சுயேச்சையான ஆய்வாளர்களின் மறுபரிசோதனையோடு அறிவியல் இதழ்களில் வெளிவந்திருக்கவில்லை.

சரி, முழுக்க நம்ப வேண்டாம், ஓரளவு நம்பலாமே, நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் உண்மையான குற்றவாளிகள் 50 பேர் என்று வைத்துக்கொள்வோம். கற்பனையாக, சோதனை இரு பக்கமும் 90 சதவீதம் சரி. குற்றவாளிகளில் 45 பேரைப் பிடித்துவிடும். மீதி 950 நிரபராதிகளில் 95 பேரையும் சேர்த்துப் பிடித்துவிடும். எந்திரம் கைகாட்டிய 140 பேரில் 95 பேர் ஒன்றும் செய்யாதவர்கள். சோதனை எவ்வளவு துல்லியமானது என்பது பாதிக் கேள்விதான். யாரைக் கொண்டுவந்து அதன் முன் உட்காரவைக்கிறோம் என்பது மறுபாதி. சந்தேகப்பட்டவர்களையெல்லாம் வரிசையாக உட்காரவைத்தால், 90 சதவீதம் என்ற நம்பிக்கையூட்டும் எண் சட்டென்று கரைந்துவிடும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு. கண்ணால் கண்ட சாட்சியும் இதே ஓட்டை நினைவைத்தானே நம்பியிருக்கிறது, அதை மட்டும் நீதிமன்றம் ஏற்கலாமா? ஏற்கிறது; ஆனால் கூண்டில் ஏறிய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். எவ்வளவு தூரத்தில் நின்றாய், வெளிச்சம் இருந்ததா, முதல் வாக்குமூலத்தில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டுக் கேட்டு அவர் நினைவின் மூலத்தைத் தோண்டலாம். மின்னலையைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதற்கு முன் நிற்கும் வழக்கறிஞருக்கு மென்பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. அதோடு, மூளை என்ற பெயரைக் கேட்டதுமே நம் சந்தேக புத்தி கொஞ்சம் தூங்கிவிடுகிறது. டீனா வெய்ஸ்பெர்க் குழுவினர் இதே 2008இல் வெளியிட்ட ஆய்வில், தப்பான விளக்கம் ஒன்றில் சம்பந்தமே இல்லாத மூளைச் சங்கதியைச் சேர்த்துச் சொன்னால், துறை நிபுணர் அல்லாதவர்களுக்கு அந்த விளக்கம் இன்னும் திருப்தியாகப் படுகிறது என்று கண்டார்கள். நீதிபதிகளும் இதற்கு விலக்கல்ல.

கடைசி வாதம் போலீஸார் உண்மையிலேயே நம்பிச் சொல்வது, அதைக் கேலி செய்யக் கூடாது. லத்தியைவிட இது மேல் அல்லவா? அடித்து உதைத்து வாங்கும் வாக்குமூலத்துக்குப் பதில் தலையில் வலியில்லாமல் ஒரு தொப்பி. இந்த நியாயம் நம் நீதிமன்றங்களிலும் எடுபட்டது. போலி முத்திரைத்தாள் வழக்கில் அப்துல் கரீம் தெல்கிக்கு உண்மை அறியும் மருந்து ஏற்றி எடுத்த காட்சி தொலைக்காட்சியில் ஓடியது பலருக்கும் நினைவிருக்கும். 2007இல் புனே சிறப்பு நீதிமன்றம்தான் அவருக்கு 13 ஆண்டு தண்டனையும் 202 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அந்த முத்திரைத்தாள் விசாரணையிலிருந்து எழுந்த வழக்கில் 2004இல் பம்பாய் உயர்நீதிமன்றம் மருந்துச் சோதனையும் மூளைச் சோதனையும் செல்லும் என்றது. 2006இல் தினேஷ் டால்மியா வழக்கில் சென்னை உயர்நீதிமன்றமும் அதே வழியில் போனது. ஆனால் லத்திக்கு மாற்று என்ற வாதத்தில் ஒரு பொத்தல் இருக்கிறது. மூளைச் சோதனை வந்ததால் லத்தி எங்கும் ஓய்வுபெற்றதாகத் தெரியவில்லை. 'உன் மூளையே சொல்லிவிட்டது' என்று ஒரு காகிதத்தைக் காட்டி அடுத்த சுற்று விசாரணையைத் தொடங்க அது வசதியாகிறது. அப்படி உடைந்துபோனவரின் வாக்குமூலத்தில், மேலே சொன்ன பொய்நினைவுகளுக்கு வேண்டிய நிலம் உழுது தயாராக இருக்கிறது.

புனே தீர்ப்பு வந்த ஆண்டே, முகுந்தன் ஒருகாலத்தில் பணியாற்றிய நிம்ஹான்ஸின் இயக்குநர் தலைமையில் அமைந்த நிபுணர் குழு, மூளை வரைபடச் சோதனைகளுக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை, அவற்றை விசாரணைக் கருவியாகப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்று கருத்துச் சொன்னது. மேல்முறையீட்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தப் பெண்ணின் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விட்டது. பிறகு 2010 மே 5ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், உச்சநீதிமன்றத்தின் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, மருந்துச் சோதனை, பாலிகிராஃப், மூளைச் சோதனை எதையும் ஒருவர் விருப்பத்துக்கு மாறாக நடத்தக் கூடாது, அரசியலமைப்பின் 20(3), 21 ஆகிய பிரிவுகளுக்கு அது விரோதம் என்று தீர்ப்பளித்தது. தன் மனத்துக்குள் இருப்பதை வெளிப்படுத்துவதா வேண்டாமா என்பது அவரவர் உரிமை. வாய் திறக்காமல் தலையிலிருந்து எடுத்தாலும் அது வாக்குமூலம்தான் என்றது. சம்மதத்தோடு நடந்தாலும் முடிவை மட்டும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. காரணம், சோதனையின்போது தன் எதிர்வினைமேல் அவருக்குக் கட்டுப்பாடு இல்லை.

பெரிய தீர்ப்பு அது. அதன் மனித மரியாதைக்குக் கை தட்டலாம். ஆனால் அது பெரும்பாலும் உரிமையின் பக்கம் நின்று பேசியது. சம்மதம் இருந்தால் சோதனை நடக்கலாம். அதன் உதவியால் பிறகு கண்டெடுக்கப்படும் கத்தியோ சீசாவோ சாட்சியமாகலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தது. அந்தக் கதவு வழியாகப் போக்குவரத்து நிற்கவில்லை. திருச்சி ராமஜெயம் கொலை வழக்கில் 2023இல்கூடச் சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் சென்னையில் பாலிகிராஃப் முன் உட்கார்ந்தார்கள், நீதிமன்றத்தில் சம்மதம் தெரிவித்துவிட்டுத்தான். 2025 ஜூனில் அம்லேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் 2010இன் நிலையை மறுபடி உறுதிப்படுத்தியது; குற்றவாளி என்று தீர்மானிக்க மருந்துச் சோதனை அறிக்கை மட்டும் போதாது என்றது. இதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று, புனே பெண்ணும் சம்மதித்துத்தான் மும்பைக்குப் போனார் என்பது. மறுத்தால் எதையோ மறைக்கிறார் என்று ஆகிவிடும். குற்றம் செய்யாதவர் என்றால், எந்திரம் தன்னைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இருக்கும். இன்று அதே வழக்கு நடந்தால் அந்தச் சோதனை நடக்கத் தடையேதும் இல்லை. அறிக்கை மட்டும் தீர்ப்பில் இடம்பெறாது. விசாரணை அதிகாரியின் மேசைக்குப் போகும். அதைப் படித்த பிறகு, அவர் வேறு யாரையாவது தேடுவாரா என்பது அவரைப் பொறுத்தது.